விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம்: புதுச்சேரி வெயிலில் வீட்டு இஞ்சி பீர்

வெளிநாட்டில் வசித்த காலத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகி, ஊர் திரும்பியபின் பல ஆண்டுகள் கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள். பிரான்சிலிருந்து திரும்பி முத்தியால்பேட்டையில் குடியேறியவர், சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தவர் என்று. பரணில் கிடக்கும் ஹைட்ரோமீட்டரும் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவை) ரப்பர் குழாயும் கண்ணில் பட்டால் பழைய ஆசை துளிர்க்கிறது. எந்தச் செய்முறையில் மறுபடி தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே மனத்தில் ஒரு விடையும் வைத்திருக்கிறார்கள்: கடைசியாகச் செய்து நண்பர்களிடம் பெயர் வாங்கிய அந்தக் கறுப்பு மால்ட் பீர்.

அதை எடுக்காதீர்கள் என்பதே என் பதில். அந்தச் செய்முறை அன்றைய அறையின் குளிர்ச்சிக்கும், அந்த ஊர்த் தண்ணீருக்கும், அன்று பழகியிருந்த கைக்கும் பொருந்தியது. இன்று மூன்றும் மாறிவிட்டன. இந்த ஊரின் சட்டமும் வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் தெருவுக்கு ஒரு மதுக்கடை இருப்பதைப் பார்த்து, வீட்டில் காய்ச்சுவதும் அனுமதிக்கப்பட்டதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1970ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும். எல்லையைத் தாண்டிக் கடலூருக்குள் வந்தால் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது; அங்கும் உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆகவே மால்ட் பீர் ஆசையை உரிமம் பெற்றவர்களுக்கு விட்டுவிட்டு, நீங்கள் கற்ற தொழிலை மென்பானத்தின் பக்கம் திருப்புவதுதான் சரி. நொதித்தல், பாட்டிலில் அடைத்தல், நுரையை அளவோடு நிறுத்துதல் என்று கற்றதில் எதுவும் வீணாகாது. இதுவரை எதையுமே நொதிக்க வைத்துப் பழகாதவர்களும் இந்த வழியில் தொடங்கலாம்.

ஏன் இஞ்சி

மென்பானம் என்று முடிவு செய்தபின் மூன்று வழிகள் கண்முன் வரும். ஆரோவில் பக்கம் பரவலாகக் கிடைக்கும் கொம்புச்சா என்ற நொதித்த தேநீர், அன்னாசித் தோலில் செய்யும் மெக்சிகோவின் தெப்பாச்சே, இஞ்சியையும் சர்க்கரையையும் நொதிக்கவைத்துச் செய்யும் இஞ்சி பீர். கொம்புச்சா நல்ல பானம்தான். ஆனால் முதல் தேநீர் தயாராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நம் கோடையில் சீக்கிரமே காடியாகப் புளித்துவிடும். தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் மாதம் ஓடிவிடும். அன்னாசியில் இயல்பான சர்க்கரையும், சர்க்கரையை வாயுவாகவும் மதுவாகவும் மாற்றும் நுண்ணுயிரான ஈஸ்ட்டும் மிகுதி. 32 டிகிரி வெப்பத்தில் அது உங்கள் கட்டுப்பாட்டை மீறி ஓடும். கணக்கு வைப்பதும் கடினம்.

இஞ்சி பீரில் சர்க்கரையை நீங்கள் நிறுத்துப் போடுகிறீர்கள். தண்ணீரை அளந்து ஊற்றுகிறீர்கள். தொடங்கிய ஐந்தாறு நாளில் குடித்துப் பார்த்துவிடலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே திருத்திக்கொள்ளலாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு தேவைப்படுவது இப்படி விரைவாக விடை சொல்லும் செய்முறைதான். சிக்கலான செய்முறையில் பத்து இடங்களில் பிழை நேரலாம், எந்த இடம் என்று தெரியாது. இதில் இடங்கள் குறைவு.

வெயில் என்ன செய்கிறது

பீர் காய்ச்சியவர்களுக்கு இது நினைவிருக்கும்: சாதாரண ஏல் வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக வேலை செய்யும், லாகர் வகைக்கு 8 முதல் 13 டிகிரி வேண்டும். புதுச்சேரியில் மார்கழி விடியற்காலையில்தான் வீட்டுக்குள் 22 டிகிரியைப் பார்க்க முடியும். அக்னி நட்சத்திர நாட்களில் இரவிலும் அறை 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது. சூடு ஏற ஏற ஈஸ்ட்டின் வேகமும் ஏறும்; 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். லியோனிலோ பாரிசிலோ மூன்று நாள் எடுத்த வேலை இங்கே ஒரே நாளில் முடியும். வெளிநாட்டுச் செய்முறைகளில் எழுதியிருக்கும் நாட்கணக்கை அப்படியே பின்பற்றினால் பாட்டில் வெடிக்கும். நான் மிகைப்படுத்தவில்லை, கணக்கைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பானத்தில் சுமார் 4 கிராம் சர்க்கரை நொதித்தால், அந்தப் பானத்தின் ஒரு மடங்கு கொள்ளளவுக்குக் கரியமில வாயு உண்டாகும். நாம் கடையில் வாங்கும் பீரில் பொதுவாக இரண்டரை மடங்கு வாயு இருக்கும். நாக்கில் நன்றாகச் சுரீரென்று ஏற 2 மடங்கு போதும், அதாவது லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை. ஆனால் இனிப்புக்காக நாம் போடப்போவது லிட்டருக்கு 60 கிராம். அது முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்துவிட்டால் 15 மடங்கு வாயு சேரும். எந்தக் கண்ணாடியும் தாங்காது. எனவே இந்தச் செய்முறை முழுவதும், எட்டாவது கிராமுக்குப் பக்கத்தில் எப்படி நிறுத்துவது என்பதைப் பற்றியதுதான். நிறுத்துவது குளிர்சாதனப் பெட்டியின் வேலை, எப்போது உள்ளே வைப்பது என்று முடிவெடுப்பது உங்கள் வேலை.

இதே கணக்கு மதுவின் அளவையும் சொல்கிறது. 8 கிராம் சர்க்கரை நொதித்தால் பானத்தில் ஏறக்குறைய 0.5 விழுக்காடு மது சேர்ந்திருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளில் 0.5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது மதுபானம் என்ற வகைக்குள் வருகிறது. ஆக, மென்மையான நுரையோடு நிறுத்தினால் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். பேராசைப்பட்டு இன்னும் ஒரு நாள் வெளியே வைத்தால் தாண்டிவிடுவீர்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கும்படி, நுரை கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே நிறுத்துங்கள். துளியும் மது கூடாது என்று நோன்போ மருத்துவமோ கட்டுப்படுத்துபவர்களுக்கும், குழந்தைகளுக்கும், கருவுற்றவர்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் உகந்ததில்லை. மீதமுள்ள சர்க்கரை அப்படியே பானத்தில் இருக்கிறது.

பரணிலிருந்து எதை எடுப்பது, எதை எறிவது

பழைய ரப்பர் குழாயும் வாஷர்களும் வேண்டாம். உள்ளே கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். கீறல்களில் கிருமி தங்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. பல ஆண்டு பழைய ஈஸ்ட் பொட்டலத்தைத் தூக்கி எறியுங்கள். கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் பாத்திரம், புனல், வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஹைட்ரோமீட்டரை 20 டிகிரிச் சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள், 1.000 காட்டினால் இன்னும் நம்பலாம்.

பாட்டில் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அழகான கண்ணாடி பாட்டில்கள், கம்பி மூடி போட்டவை, பார்ப்பதற்கு ஆசையாகத்தான் இருக்கும். முதல் சில முறைகளுக்கு அவற்றைத் தொடவே வேண்டாம். சோடாவோ கோலாவோ வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். குடிநீர் பாட்டில் போதாது. அது மெல்லியது, அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. சோடா பாட்டிலில் இன்னொரு பெரிய வசதி, உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று விரலால் அழுத்தியே தெரிந்துகொள்ளலாம். கோலி சோடா பாட்டில் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கோலி மேலே ஏறி வாயை அடைக்க வேண்டுமானால் உள்ளே ஏற்கெனவே அழுத்தம் இருக்க வேண்டும்; அதற்கு வாயு ஏற்றும் இயந்திரம் தேவை. வீட்டு வேலைக்கு ஆகாது.

இந்த பாட்டில்களில் கொதிநீரை ஊற்றினால் சுருங்கிவிடும். கை பொறுக்கும் சூட்டில் கழுவி, சோப்பின் வாடை போகும்வரை அலசி, கவிழ்த்து உலர்த்துங்கள். கண்ணாடி ஜாடியை முதலில் வெந்நீரால் சூடாக்கிக்கொண்டு பிறகு கொதிநீர் ஊற்றி எடுக்கலாம்.

இஞ்சி உறை

தயிருக்கு உறைமோர் போல இந்தப் பானத்துக்கும் ஓர் உறை வேண்டும். அதை முதலில் தயாரிக்க வேண்டும். இஞ்சியின் தோலிலேயே ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் இருக்கின்றன. ஆகவே தோல் சீவக் கூடாது, மண்ணை மட்டும் கழுவ வேண்டும். நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டிலோ திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டிலோ, நார் அதிகம் ஏறாத, தோல் சுருங்காத இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையாகப் பளபளவென்று கழுவி, பையில் போட்டு விற்பதைவிட மண் ஒட்டிய இஞ்சி மேல்.

தண்ணீருக்கு ஒரு எச்சரிக்கை. குழாய் நீரில் குளோரின் இருந்தால் உறை எழும்பாது. கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்றால் அதைத் தவிர்த்துவிட்டுக் குடிநீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தமான ஜாடியில் கால் லிட்டர் ஆறிய நீர், ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை. கலக்கி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, நிழலில் வையுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்குங்கள். எறும்பு வரும், தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே ஜாடியை வையுங்கள். பழ ஈ நுழையாத அளவுக்குத் துணி நெருக்கமாக இருக்கட்டும்.

நம் ஊர் வெப்பத்தில் மூன்றாம் நாளே ஓரங்களில் குமிழிகள் ஏறும், இஞ்சித் துருவல் மேலே மிதந்து வரும், வாசனையில் லேசான புளிப்பு தெரியும். காலையில் தீனி கொடுத்த உறை மாலைக்குள் நன்றாகப் பொங்கினால் தயார். ஐந்தாறு நாளாகியும் அசைவில்லை என்றால் கொட்டிவிட்டு வேறு கடையில் இஞ்சி வாங்குங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படர்ந்தால் அது கெடுதலான பூஞ்சையாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் சுவை கெடும். முதல் முறையில் புதிதாகத் தொடங்குவதே நல்லது. பச்சை, கறுப்பு, பஞ்சு போன்ற முடி எது தெரிந்தாலும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தும் வேலை வேண்டாம்.

இங்கிலாந்தில் ஒருகாலத்தில் வீடு வீடாகக் கைமாறிய இஞ்சி பீர்க் குருணை ஒன்று உண்டு. ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் அதைப் பிரித்துப் பார்த்து, ஒரு ஈஸ்ட்டும் ஒரு பாக்டீரியாவும் கூடி வாழ்வதுதான் அது என்று 1892இல் எழுதினார். அதற்கு முன் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்த இலைநோயை ஆராய்ந்தவரும் இவரே. நம் ஜாடியில் இருப்பது அந்தக் குருணை இல்லை. ஆனால் கூட்டணி அதே வகைதான்: ஈஸ்ட் வாயுவைத் தருகிறது, பாக்டீரியா புளிப்பைத் தருகிறது.

கடை ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைப் பிரித்துப் போட்டால் மூன்று நாள் மிச்சமாகுமே என்று பழகியவர்கள் சொல்வார்கள். மிச்சமாகும். இருந்தாலும் உறையையே நான் பரிந்துரைக்கிறேன். இந்த மூன்று நாளில் உங்கள் சமையலறையின் எந்த மூலை எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரத்தில் பொங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவீர்கள். பாட்டில் கட்டத்தில் அந்த அறிவுதான் கைகொடுக்கும். தோற்றாலும் போவது கொஞ்சம் இஞ்சி.

பானம் தயாரித்தல்

இரண்டு லிட்டருக்குக் கணக்கு: 120 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 80 கிராம் இஞ்சி, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு, வடிகட்டிய உறை 100 மில்லிலிட்டர்.

கருப்பட்டி போடலாமா என்று உடனே கேட்கத் தோன்றும். எனக்கும் கருப்பட்டியின் மணம் பிடிக்கும். ஆனால் அதிலுள்ள தாதுக்கள் ஈஸ்ட்டுக்கு நல்ல தீனி. வேகம் கூடும், கணக்கு தப்பும். மண்டை வெல்லத்தில் வெளுப்பதற்காகச் சேர்த்த பொருள்கள் இருந்தால் எதிர்மாறாக ஈஸ்ட் முடங்கிவிடும். முதல் முறை வெள்ளைச் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் நீரில் இஞ்சியைத் துருவிப் போட்டுப் பத்து நிமிடம் மெல்லிய கொதியில் வைத்து, இறக்கிச் சர்க்கரையும் உப்பும் கரைத்து மூடிவையுங்கள். சூடு தணிந்தபின் வடிகட்டி, கொதித்து ஆறிய இன்னொரு லிட்டர் நீரைச் சேருங்கள். கொதியில் சுண்டிப்போனதை ஈடுகட்ட மொத்தம் இரண்டு லிட்டர் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்தபிறகே எலுமிச்சைச் சாறும் உறையும். சூடாக இருக்கும்போது உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், சாற்றின் மணமும் போய்விடும். எலுமிச்சை வெறும் சுவைக்கு மட்டும் இல்லை; தொடக்கத்திலேயே புளிப்பு இருந்தால் கெட்ட கிருமிகள் தலையெடுக்காது.

ஹைட்ரோமீட்டர் இருப்பவர்கள் இப்போது ஒரு அளவு எடுத்து எழுதிவையுங்கள். 1.023க்குப் பக்கத்தில் வரும். 30 டிகிரியில் அளந்தால் 0.002, 0.003 அளவுக்குக் குறைவாகக் காட்டும், கவலை வேண்டாம். குடிக்கும்போது அதே வெப்பத்தில், வாயு போகக் கலக்கிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.004 என்றால் மது ஏறக்குறைய 0.5 விழுக்காடு. அதற்குள் இருந்தால் உங்கள் நேரக்கணிப்பு சரி. கூடுதல் என்றால் அடுத்த முறை சில மணி நேரம் முன்னதாகவே குளிரில் வையுங்கள்.

பாட்டிலும் கடிகாரமும்

மாலை ஆறு மணி வாக்கில் பாட்டிலில் ஊற்றுங்கள். இரவு முழுவதும் பெரிதாக எதுவும் நடக்காது, காலையில் நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் முக்கியமான கட்டம் வரும். காலையில் ஊற்றினால் நள்ளிரவில் எழுந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கழுத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடம் விட்டு, இறுக மூடி, பாட்டிலை விரலால் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அமுங்குகிறது என்று நினைவில் வையுங்கள். ஒரு அட்டைப்பெட்டியிலோ மூடிபோட்ட வாளியிலோ நிற்கவைத்து, அடுப்பிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

12 மணி நேரம் கழித்து முதல் சோதனை. பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாட்டில் லேசாக அமுங்கி உடனே எதிர்த்துத் தள்ளும் நிலையில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். அமுங்கவே மறுக்கும் அளவுக்குக் கல்லாகும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே வைத்த பிறகும் பானம் முழுக்கக் குளிர்வதற்குள் சில மணி நேரம் நொதித்தல் தொடரும். சித்திரையில் இந்தக் கட்டம் ஒரே நாளில் வந்துவிடலாம், மார்கழியில் இரண்டு நாள் பிடிக்கலாம். நாட்களை நம்பாமல் விரலை நம்புங்கள்.

மின்வெட்டு நேரத்தை மறக்கக் கூடாது. குளிர் ஈஸ்ட்டைத் தூங்கவைக்கிறது, கொல்வதில்லை. நீண்ட நேரம் மின்சாரம் போனால் பாட்டிலை அழுத்திப் பார்த்து, இறுகியிருந்தால் மூடியை மெதுவாகத் திருகி வாயுவை வெளியேற்றுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாட்டில்களைக் காலிசெய்துவிட்டுப் போங்கள். புயல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான்; கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்தபின் திறந்து குடிக்கலாம். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

குடித்துப் பார்த்தபின்

இனிப்பு தூக்கலாக, நுரை குறைவாக இருந்தால் உறை பலவீனம். இன்னும் இரண்டு நாள் தீனி கொடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். புளிப்பு மிஞ்சினால் உறை பழையதாகிவிட்டது அல்லது இடம் அதிகச் சூடு. அழுகிய முட்டை வாடை வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்டுக்குத் தீனியோ காற்றோ போதவில்லை என்று பொருள்; அந்த பாட்டிலைக் கொட்டிவிட்டு உறையைப் புதுப்பிக்க வேண்டும். காரம் போதவில்லை என்பது எளிய குறை. இஞ்சியை 80லிருந்து 120 கிராமாக்குங்கள், மற்ற எதையும் மாற்றாதீர்கள்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இஞ்சியையும் சர்க்கரையையும் இடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, சுவை ஏன் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. சிறு நோட்டில் தேதி, அன்றைய அறை வெப்பம், பாட்டிலில் அடைத்த நேரம், குளிரில் வைத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே மாதிரி வந்துவிட்டால் கை திரும்பிவிட்டது என்று பொருள். அப்போது சர்க்கரையில் கால் பங்கைக் கருப்பட்டியாக மாற்றிப் பாருங்கள். முதல் சோதனைக்கான இடைவெளியை 12 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நன்னாரி வேரை நசுக்கி, இறக்கிய சுடுநீரில் ஊறவைத்துச் சேர்ப்பது அதற்கும் அடுத்தது. வேரைக் கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும், ஆகவே அடுப்பை அணைத்த பிறகு போட்டு மூடிவைக்க வேண்டும். பண்ருட்டிப் பலாச்சுளையும் மாம்பழமும் கடைசி. பழத்தின் சர்க்கரை எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால், பழச்சாறு சேர்த்த பாட்டிலை அரை நாளுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.